அவசரத்துக்குப் பத்து வார்த்தை

நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக முழுமையாக இங்கே தருகிறோம்.



செயலாளர் போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்தார். "சார், சிங்கப்பூர் போயிட்டு வந்து சீன மொழி பேசறீங்களாமே. கூட்டத்துல பத்து நிமிஷம் அதைப் பத்திச் சொல்லுங்களேன், ஜாலியா இருக்கும்" என்றார். ஒப்புக்கொண்டேன். ஜாலியாகத்தான் ஆரம்பிக்கப்போகிறேன். முடிக்கும்போது அப்படி இருக்காது. அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு வார்த்தை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் வாழ்க்கையில் மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை பழவேற்காட்டில், இரண்டாவது சிங்கப்பூரில், மூன்றாவது இங்கே, நம் கேட்டுக்குப் பக்கத்தில்.

பழவேற்காட்டிலிருந்து தொடங்குகிறேன். நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறால் வாங்கிக்கொண்டு, டச்சுக் கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள். நான் அங்கே 1985-இல் வேலைக்குப் போனேன். முந்தைய வருடம் நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்த புயலைப் பற்றிய பேச்சு அப்போதும் ஓயவில்லை. எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். வயலும் வாய்க்காலும் தெரியும், ஏரியும் கடலும் தெரியாது.

கவுண்டரில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே என் தமிழ் போதவில்லை. கடன் தவணை கேட்டால், "பாடு வந்தா கட்டறேன் சார்" என்பார் மீனவர். படாத பாடு படுகிறார் போலிருக்கிறது என்று நானும் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாடு என்பது ஏரியில் வலை கட்டுகிற முறை. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன குப்பத்துக்காரர்கள் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆரங்கம்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு. ஆக, பாடு வந்தால் பணம் வரும், பணம் வந்தால் தவணை வரும். தமிழ்தான், ஆனாலும் எனக்குப் புரியவில்லை.

அதற்கு மேல் தெலுங்கு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில்தான் பேசுவார்கள். குப்பத்து மக்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுவார்கள்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து என் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "சார், நிப்பு! நிப்பு!" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினேன். நிப்பு வேண்டும் என்கிறான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பேனா முனை உடைந்திருக்கும் என்று நினைத்தேன். பையன் பேனாவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், அழ ஆரம்பித்துவிட்டான். உள்ளே பேரேட்டை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் அட்டெண்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டே வெளியே ஓடினார். தெருக்கோடியில் ஓலைக் குடிசை ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

நிப்பு என்றால் தெலுங்கில் நெருப்பு.

நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. பாதிக் கூரையோடு அணைத்துவிட்டார்கள். ஆனால் வலை போய்விட்டது. குடிசையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மீனவன் வீட்டில் வலைதான் ஆஸ்தி. என் பேனா எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடம் இருந்திருந்தால் வலையை வெளியே இழுத்திருப்பார்களா என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன்.

அன்று சாயங்காலம் அட்டெண்டர், "சார், நீங்க தெலுங்கு படிக்க வேணாம். பத்து வார்த்தை எழுதிக்கங்க, போதும்" என்றார். பணம் எடுக்கிற சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நிப்பு, நெருப்பு. நீளு, தண்ணீர். பாமு, பாம்பு. நொப்பி, வலி. தொந்தரகா ரண்டி, சீக்கிரம் வாங்க. இப்படிப் பத்து. கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மாற்றலாகிப் போகும்வரை அது அங்கேயே இருந்தது.

இடையில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இரு நூறு வருடத்துக்குமேல் அங்கே வியாபாரம் பண்ணினார்கள். அவர்கள் பேசின மொழியில் நம் வாயில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஒன்று துட்டு. அது டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயர். இன்னொன்று கக்கூசு. இரண்டுமே அவசரத்துக்குத் தேவைப்படுகிற வார்த்தைகள் என்பதைக் கவனியுங்கள். போர்த்துகீசியர்களிடமிருந்து நமக்கு வந்தவை சாவி, ஜன்னல், அலமாரி. அதுவும் வீட்டுச் சாமான்தான். அந்நிய மொழி முதலில் நுழைகிற இடம் புத்தக அலமாரி இல்லை, வீட்டு வாசலும் அடுப்படியும்தான்.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன்.

என் மகளும் மருமகனும் அங்கே வேலை பார்க்கிறார்கள். 2023-இல் பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் ஏறக்குறைய இரண்டு மாதம் போயிருந்தோம். அரசாங்க அடுக்குமாடி வீடு. அங்கே ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989-இலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே வராந்தாவில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் இருப்பார்கள். எதிர் வீட்டு மலாய்ப் பெரியவர் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "கைன் பெலேக்கட்" என்றார். பெலேக்கட் என்றால் பழவேற்காடு! புலிக்காட் என்று வெள்ளைக்காரன் சொன்னது மலாய்க்காரர் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் பழவேற்காட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் கிழக்கே துணி போன கதை அந்த இடுப்புக் கைலியில் இன்னும் இருக்கிறது. நான் அந்த ஊரில் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் பெரியவருக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி, எண்பது வயதை நெருங்கியவர், தனியாக இருந்தார். என் பேரன் அவரை "ஆ மா" என்று கூப்பிடுவான். அவர்கள் வழக்கத்தில் அப்படி என்றால் பாட்டி. ஆ மாவுக்கு ஹொக்கியன் தெரியும், மாண்டரின் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான். வீட்டில் ஹொக்கியனோ தியோச்சியூவோ கான்டனீஸோ பேசி வளர்ந்தவர்கள். 1979-இல் லீ குவான் யூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கினபிறகு அதையும் கற்றுக்கொண்டவர்கள். நாங்களும் ஆ மாவும் காலையில் சிரிப்போம், மாலையில் சிரிப்போம். அதோடு சரி.

பகலில் மகளும் மருமகனும் ஆபீஸ் போய்விடுவார்கள். வராந்தாவில் நாங்கள் இரண்டு கிழங்கள், அந்தப் பக்கம் அவர். ஏதாவது ஆனால்? எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. மருமகனின் நண்பர், சீனர், ஒரு நாள் சாப்பிட வந்தார். அவரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் பத்து வார்த்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜியூ மிங்: காப்பாற்றுங்கள். உயிரைக் காப்பாற்று என்றே அதற்கு நேர்ப்பொருள்.
ஜாவ் ஹுவோ ல: தீப்பிடித்துவிட்டது.
லோவ் ஷுய்: தண்ணீர் ஒழுகுகிறது.
மெய் ச்சி: கேஸ்.
திங் தியென்: கரண்ட் போய்விட்டது.
தியென் தி: லிஃப்ட். தியென் என்றால் மின்சாரம், தி என்றால் ஏணி. மின்சார ஏணி!
தொங்: வலி.
நா லி: எங்கே.
குவாய் லாய்: சீக்கிரம் வாங்க.
பாங் மாங்: உதவி.

எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று இருந்தது. சீனத்தில் ராகம் மாறினால் அர்த்தம் மாறும். ஷுய் என்பதை இறக்கி ஏற்றிச் சொன்னால் தண்ணீர், மேலிருந்து தடாலென்று இறக்கினால் தூக்கம். "தண்ணி ஒழுகுது"ன்னு சொல்லப் போய் "தூக்கம் ஒழுகுது"ன்னு ஆகிவிடுமே என்று பயந்தேன். அந்த நண்பர் சிரித்துவிட்டு, "அங்கிள், கையால் காட்டிக்கொண்டே சொல்லுங்கள். நனைந்த வேட்டியோடு வந்து தூக்கத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்" என்றார். அவசரத்துக்கு இலக்கணம் வேண்டாம். ஒரு வார்த்தை, ஒரு சைகை, ஒரு முகம் போதும்.

ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. மதியம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஆ மா. முகமெல்லாம் வியர்வை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "தொங்... தொங்..." என்றார். சீட்டு இல்லாவிட்டால் எனக்கு எதுவோ தொங்குகிறது என்றுதான் பட்டிருக்கும். கொடியில் துணி தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்திருப்பேன். இப்போது தெரியும். "நா லி?" என்றேன். கையை எடுத்து நெஞ்சில் வைத்தார்.

என் மனைவி அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் 995 போட்டேன். அங்கே ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் அதுதான் எண். வயது என்ன, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, எத்தனையாவது மாடி என்று கேட்டார்கள். சொன்னேன். வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து ஆ மா திரும்பி வந்தார். இரண்டு ஆரஞ்சுப் பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மனைவியிடம் நீட்டி, "சியெ சியெ" என்றார். அது என் பட்டியலில் இல்லாத வார்த்தை. ஆனாலும் புரிந்தது.

இந்தக் கதையை ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. அதனால்தான் செயலாளர் காதுவரை போயிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டும் சொன்னேன்.

இனி மூன்றாவது. இதை என் மனைவியைத் தவிர இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன மார்கழியில் நம் இரவுக் காவலாளி ஒடிசாத் தம்பிக்கு மாரடைப்பு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். காலையில் ஆம்புலன்ஸ் வந்ததும் தெரியும். முந்தின இரவு நடந்தது தெரியாது.

கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். "சார், சாத்தி மே..." என்று ஏதோ ஆரம்பித்தார். என் காதில் விழுந்தது சாத்தி மட்டும்தான். கேட்டைச் சாத்திவிடலாமா என்று கேட்கிறார், பாவம், தமிழ் பழகுகிறார் என்று நினைத்தேன். "ஆமாப்பா, சாத்திடு. எல்லாரும் வந்தாச்சு" என்று கையாலும் காட்டிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பார்த்தேன். அவர் போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

ஹிந்தியில் சாத்தி என்றால் நெஞ்சு. "சாத்தி மே தர்த்" என்றால் நெஞ்சில் வலி.

ஏழு மணி நேரம் அவர் அந்த வலியோடு உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணிக்கு பழவேற்காட்டிலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மா தான் பார்த்தது. அந்த அம்மாவுக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யாராச்சும் வாங்களேன், இந்தப் புள்ள மூஞ்சே சரியில்ல!" என்று மேலே பார்த்துக் கத்தினார். முதல் மாடிப் பையன் 108-க்குப் போன் பண்ணினான். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய இறால் வெயிலில் கெட்டுப்போனது. அதை நம்மில் யாரும் கேட்கவுமில்லை, ஈடு செய்யவுமில்லை. நானும் செய்யவில்லை.

வார்த்தை தெரியாத அந்த அம்மா முகத்தைப் பார்த்தார். கடல் கடந்து போய்ப் பத்து வார்த்தை கற்றுக்கொண்டு வந்த நான் கேட்டைப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் நான் ஏன் கற்றுக்கொண்டேன்? அங்கே நான் அந்நியன், எனக்குப் பயம் இருந்தது. இங்கே நான் வீட்டுக்காரன், அவர் அந்நியர். பயம் அவருக்குத்தானே, அவர் கற்றுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். யார் எந்த மொழி பேச வேண்டும் என்ற வாதத்தைப் பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். நானே செய்வேன், எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் அந்த வாதம் செல்லாது. இன்னொன்றும் யோசியுங்கள். நம் வீட்டில் கேஸ் கசிந்தால், மாடியில் குழந்தை லிஃப்டில் மாட்டிக்கொண்டால், முதலில் ஓடிவர வேண்டியவர் அவர்தான். நாம் கத்துவது அவருக்குப் புரிய வேண்டாமா?

ஆகவே சங்கத்துக்குச் சில யோசனைகள்.

முதலாவது, ஒரு பக்கத் தாள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஹிந்தி. நம் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஒடியா, வங்காளம், நேபாளி பேசுகிறவர்கள் என்றாலும், எல்லோருக்கும் ஹிந்தி ஓரளவு புரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வார்த்தைகளும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆக், தீ. பானி, தண்ணீர். தர்த், வலி. சாத்தி, நெஞ்சு. சக்கர் ஆ ரஹா ஹை என்றால் தலை சுற்றுகிறது. தயவுசெய்து சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கரண்ட் லகா, ஷாக் அடித்தது. சாம்ப் நே காட்டா, பாம்பு கடித்தது. பந்த் கரோ, நிறுத்து. பச்சாவ், காப்பாற்று. ஜல்தி ஆவ், சீக்கிரம் வா.

இரண்டாவது, இதே பத்தும் அவர்களுக்குத் தமிழில். ஞாயிறு காலை கால் மணி நேரம் நானே கேட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். பதிலுக்கு அவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மூன்றாவது, எண்கள். தாளின் அடியில் பெரிய எழுத்தில் வர வேண்டும். எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. சமையல் கேஸ் கசிவுக்கு 1906. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்தபிறகு போன் செய்யுங்கள். இதைக் காவலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காவது, விசில். மூன்று முறை நீளமாக ஊதினால் பிளாக்குக்கு ஒருவராவது கீழே இறங்கி வர வேண்டும். அதற்கு மொழியே வேண்டாம். அந்த இரவு அவரிடம் விசில் இருந்தது. ஊதலாம் என்று நாம் சொல்லி வைக்கவில்லை.

ஐந்தாவது, ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த வீட்டில் யாருக்கு ஹிந்தி, தெலுங்கு, மலையாளம், வங்காளம் தெரியும் என்று ஒரு பட்டியல். இத்தனை வீடுகளில் எத்தனை மொழி இருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்த்ததில்லை.

பொருளாளர் என்னைப் பார்க்கிறார். செலவு தாளும் லேமினேஷனும் விசிலும்தான். சங்கம் கொடுக்காவிட்டால் என் பென்ஷனிலிருந்து கொடுத்துவிடுகிறேன். மீன்காரம்மாவின் ஒரு கூடை இறாலுக்கு என்ன விலை என்று நேற்று கேட்டுவிட்டேன், அதையும் கொடுத்துவிட்டேன். வாங்கமாட்டேன் என்றார். "நாளைக்கு எங்க ஊட்டுப் புள்ளைக்கு வேற ஊர்ல யாராச்சும் பாப்பாங்க சார், அதுக்காகத்தான" என்றார். வற்புறுத்திக் கையில் வைத்தேன்.

ஒடிசாத் தம்பி இப்போது தன் ஊரில் இருக்கிறார். திரும்பி வருவாரா தெரியாது. போன வாரம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். "தர்த் ஹை?" என்றேன். "நஹீ சார், நல்லா இருக்கு" என்றார். அந்த இரவு அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன். மன்னிப்புக்கு ஹிந்தி வார்த்தை எழுதி வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேன். தமிழிலேயே சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. "சரி சார், சரி சார்" என்று இரண்டு முறை சொன்னார்.

தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தாளைக் கேட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.